நீ கேட்ட மூன்று நிமிடம்

ஏய்யா,

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. மூன்று தடவை படித்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். உன் அப்பா, "என்னத்தைத் தேடுத?" என்று கேட்டார். ஒன்றும் தேடவில்லை, ஒன்றை ஒளிக்க இடம் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து நாலு நாளாக இந்தப் பதிலை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கல்லூரியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்று உன்னிடம் பெருமை அடித்திருக்கிறேன் அல்லவா, மகனுக்கு ஒரு கடிதத்தை எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படி.

நீ எழுதியிருப்பது இவ்வளவுதான். ஜெயக்கொடியைக் கட்டிக்கொள்ள உனக்கு இப்போது விருப்பமில்லை. காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம். ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டியதில் பெண்ணுக்கு ஏதோ தோஷம் தெரிகிறது என்று நான் அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் அப்பா முன்னறையில் பாயை விரித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குத் தோஷம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அந்தச் சொல் இந்த ஊரில் அவள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். உப்பளத்துக்காரர் மகளா, பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனதே அந்தப் பிள்ளையா என்பார்கள். நாளைக்கு வேறு யார் பெண் பார்க்க வந்தாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உனக்கு இது ஒரு கல்யாணம். அவளுக்கு இது அவள் பெயர். இதை நீ எழுதும்போது நினைத்திருக்க மாட்டாய்.

காரணத்தை எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய். நீ வேலை பார்க்கும் எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போன ட்ரங்க் காலில், ஆபரேட்டர் எழுதி வைத்த டிக்கெட்டில் அவள் வீட்டு நம்பரைப் பார்த்தாய். போர்டின் பின்பக்கம் போய், லைனைச் சோதிக்கிற டெஸ்ட் போனைச் செருகினாய். அவள் தன் சிநேகிதி மல்லிகாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு இதுல பெரிய சந்தோசம்லாம் இல்லளா. அப்பா முகத்தப் பாத்துச் சரின்னுட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலயே வேலைக்கு ஆர்டர் வந்துட்டா நான் மெட்ராசுக்குப் போயிருவேன். அவரு என்னப் பாக்க வந்தாரா, எங்க வீட்டு வயரிங்கப் பாக்க வந்தாரான்னே தெரியல" என்றாளாம். மூன்று நிமிடம் முடிந்ததும் வைத்துவிட்டாளாம். ஏமாற இருந்தேன், நல்லவேளை தெரிந்துகொண்டேன் என்று நீ முடித்திருக்கிறாய். அந்த நல்லவேளை என்ற சொல்லுக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. (வயரிங் விஷயம் உண்மைதான். பெண் பார்க்கப் போன இடத்தில் நீ சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானே உன் முழங்கையை இடித்தேன்.)

உன்னைத் திட்டத்தான் முதலில் உட்கார்ந்தேன். அடுத்த வீட்டுப் பெண் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்பவனை என்னவென்று சொல்வோம், நீ படித்த படிப்புக்கு இதுவா என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். எழுதிய பக்கத்தைத் திருப்பிப் படித்தபோது கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அது ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நீ மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கும்போது எக்ஸ்சேஞ்சில் இந்த ஆபரேட்டர் வேலையில் சேர்ந்தேன். முதல் நாள், இங்கே காதில் விழுவதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளுக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன். வெளியே சொன்னதில்லை, உண்மை. ஆனால் கேட்க மாட்டேன் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லையே. ட்ரங்க் போர்டில் ஒவ்வொரு இணைப்பு வயருக்கும் சுவிட்ச் மாதிரி ஒரு சாவி உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் பேச்சு நமக்குக் கேட்கும். இணைப்புச் சரியாக விழுந்ததா, மூன்று நிமிடம் ஆனதா என்று பார்க்கத்தான் அது. இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடி எப்போது பத்து நொடியாகிறது, எப்போது மூன்று நிமிடமாகிறது என்று எனக்கே தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவளும் அப்படித்தான் சாவியைத் தள்ளி வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்திருப்பாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

ஜெயக்கொடியின் அப்பாவை உனக்கு ஆறு மாதமாகத் தெரியும். எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். முகத்தை அல்ல, குரலை. உப்பு வியாபாரத்தில் போட்டிக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணாச்சி போனில் மறைபொருளாகப் பேசுவார். "பெரிய மாமா காலையில கிளம்பிட்டாரு, கூட நாலு பேரு போறாவ" என்றால் நாலு வேகன் உப்பு போகிறது. "மாமாவுக்கு மேலுக்குச் சரியில்ல" என்றால் குவித்து வைத்த உப்பு மழையில் நனைந்திருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் மெனக்கெடவே இல்லை. ஒரு வாரம் காதில் விழுந்ததிலேயே புரிந்துவிட்டது. மாமா என்றைக்குக் கிளம்பினாலும் மறுநாள் வேகன் கேட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு போன் போகும், மழை பெய்தால் மாமாவுக்குக் காய்ச்சல் வரும், இதில் என்ன ரகசியம்? ஆனால் அவர் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தார். எனக்கு அதை நினைத்துச் சிரிப்பு வரும். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னவோ போல இருக்கிறது. பலமில்லாத பூட்டைப் போட்டவன் பூட்டே போடாதவனைவிட அதிகமாகப் பேசிவிடுகிறான்.

உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, தரகர் கொண்டுவந்த இடம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அந்த வீட்டைப் போய்ப் பாரும் என்று தரகரை அனுப்பியதே நான்தான். அண்ணாச்சி வெளியூரிலிருந்து வீட்டுக்குப் பேசினால் வியாபாரத்தைக் கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டாச்சா?" என்று ஜெயக்கொடியின் அம்மாவைக் கேட்பார். ஒருமுறை ஜெயக்கொடி பரீட்சையில் மார்க் குறைந்துபோய் அழுதுகொண்டே போனை எடுத்தாள். சின்னப் பிள்ளை அப்போது. "ஏளா, பரீட்சை போனாப் போவுது, நீ அழுதா எனக்கு இங்கன சோறு இறங்காது" என்றார். சாவியை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் வளர்கிற பெண் என் மகனுக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று அன்றைக்கே தோன்றியது. ஆக, நான் ஒட்டுக்கேட்டு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். நீ ஒட்டுக்கேட்டு அவளை வேண்டாம் என்கிறாய். உன்னை நான் எந்த வாயால் திட்டுவது? எனக்கு நல்லதாகக் கேட்டது, உனக்குக் கெட்டதாகக் கேட்டது, அவ்வளவுதான் வித்தியாசமா? 

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். கடற்கரைத் தெருவில் தோணி வைத்திருந்த ஒருவர். அவருடைய மூத்த மகள் பிலோமினாவைக் கொச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மத்தியானம், நல்ல மழை, கொச்சியிலிருந்து அவள் அப்பாவுக்கு ட்ரங்க் கால். லைன் படு மோசம். அந்த மாதிரி நேரத்தில் நடுவில் இருக்கிற நாங்கள் இரண்டு பக்கத்துக்கும் பேச்சைக் கேட்டுத் திருப்பிச் சொல்வோம். அதை ஒரு புண்ணியமாகவே செய்வோம். உன் எக்ஸ்சேஞ்சில் நீயும் பார்த்திருப்பாய். "அப்பா, அவரு என் கைய ஒடிச்சிட்டாரு. பிள்ளையத் தூக்கிட்டு வந்துரட்டுமா?" என்று அவள் கத்தினாள். எனக்குக் கேட்டது. அவருக்கு இரைச்சல்தான். நான் அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.  பிறகு, "இப்பம் வர வேண்டாம்னு சொல்லும்மா. தங்கச்சி கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அழுகை மாதிரிதான் இருந்தது. நான் கொச்சிப் பக்கம் திரும்பி, "வரச் சொல்றாங்கம்மா. உடனே கிளம்பச் சொல்றாங்க" என்றேன். "நிசமாவாக்கா?" என்றாள். "நிசமாதான்" என்றேன்.

அவள் வந்துவிட்டாள். கையில் கட்டோடும் இடுப்பில் பிள்ளையோடும் வந்து இறங்கினாளாம். எங்களோடு வேலை பார்த்த ஒருத்தி அதே தெரு. அவள்தான் வந்து வந்து சொல்வாள். "நான் வராதன்னுல்லா சொன்னேன்" என்று அவர். "நீங்கதான வரச் சொன்னீங்க, இப்பம் மாத்திப் பேசுதியளே" என்று அவள். தங்கச்சியின் கல்யாணம் தட்டிப்போனது. ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பொய்க்காரர் என்று நினைத்துக்கொண்டு அவர் சாகும் வரை இருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்த பொம்பிளை மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்களை யாரும் ஓர் ஆளாக நினைப்பதில்லை. வயர் மாதிரிதான் நினைக்கிறார்கள். பிலோமினா இப்போது தையல் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாக இருக்கிறாள். பிள்ளை ஹைஸ்கூல் போகிறான். மார்க்கெட்டில் பார்த்தால், "நல்லா இருக்கியளாக்கா?" என்று கேட்பாள். நான் சொன்ன பொய்யால் அவள் உயிரோடு இருக்கிறாளா, இல்லை அவள் அப்பாவை நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேனா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை கிளம்புகிறேன். கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

இப்போது ஊரெல்லாம் இதே பேச்சாக இருக்கிறது. எமர்ஜென்சி முடிந்ததிலிருந்து, டெலிபோனை ஒட்டுக்கேட்டார்களாம் என்று பேப்பரில் வராத நாள் இல்லை. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். "ஏளா, டெலிபோன்ல பேசுனா டெல்லி வரைக்கும் கேக்குமாமே" என்றாள் ஒருத்தி. "நம்ம பேச்ச டெல்லி கேட்டு என்ன செய்யும், ரசம் வைக்குமா?" என்றாள் மற்றவள். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் டெல்லியை நினைக்கிறார்கள். ஐந்து தெரு தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற என்னை யாரும் நினைக்கவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையை யாரும் நினைக்கவில்லை. டெல்லிக்கு நம் பேச்சு எதற்கும் உதவாது என்பது சரி. நம்மைத் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும்.

ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். பேச்சை இந்தப் பக்கம் துண்டு துண்டாகக் கலைத்து அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் போன பிறகு மறுபடி ஒழுங்காக அடுக்கித் தருகிற கருவி வெளிநாட்டில் இருக்கிறதாம். நடுவில் யார் கேட்டாலும் கரகரவென்றுதான் கேட்குமாம். சேனாதிபதிகளும் மந்திரிகளும் வைத்திருக்கிறார்களாம். ஏன் அவர்கள் மட்டும்? ஒரு பெண் தன் சிநேகிதியிடம் மனதில் இருப்பதைச் சொல்வதைவிட எந்த மந்திரி பெரிய ரகசியம் பேசிவிடப் போகிறார்? நீ எஞ்சினியர், நீதான் சொல்ல வேண்டும், அதை எல்லா வீட்டுக்கும் செய்துவிட முடியாதா? நடுவில் இருக்கிறவள் நல்லவளா கெட்டவளா என்பதை நம்பி இராமல், அவள் நினைத்தாலும் திறக்க முடியாத பூட்டாக ஒன்று? இப்படி எழுதும்போதே கை நிற்கிறது. அன்றைக்கு அப்படி ஒரு பூட்டு இருந்திருந்தால் பிலோமினா கொச்சியிலேயே இருந்திருப்பாள்.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பாவிடம் கொடுத்தேன். மறைக்க இடம் கிடைக்காததால் கொடுத்தேன் என்று வைத்துக்கொள். படித்துவிட்டு மஞ்சள் விரலோடேயே திருப்பித் தந்தார். "தாயும் மகனும் சேந்து ஊர்க்கதையெல்லாம் காதுல வாங்குதிய. நான் ஹார்பர்ல முப்பது வருசமா மூட்டை எண்ணுதேன். ஒரு மூட்டையவாவது பிரிச்சுப் பாத்திருக்கனா?" என்றார். அந்தப் பூட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அவனவன் பேச்ச அவனவன் பூட்டிக்கிட்டா, கள்ளக்கடத்தல்காரனுக்குல்லா கொண்டாட்டம்" என்றார்.

"அவன் இப்பம் டெலிபோன்லயா பேசுதான்?"

"அவன் ஏன் பேசுவான்? அவன் விவரம் தெரிஞ்சவன்."

"அப்போ மாட்டுறது யாரு?"

அவர் அடுத்த பத்திரிகையை எடுத்து மஞ்சள் தடவினார். பிறகு, "தோசம்னு சொல்லிட்டு வந்துரு. எல்லாரும் சொல்றதுதான" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சொல்லாத" என்றார். எனக்கு மட்டும்தான் குழப்பம் என்று நினைத்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை நான் ஜெயக்கொடியைப் பார்க்கப் போனேன். முதலில் போன் செய்து வரச் சொல்லலாம் என்று ரிசீவரை எடுத்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்து வைத்துவிட்டேன். அவள் சாயங்காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவாள் என்று தெரியும். வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். "என்னத்தை, அம்மா எதுவும் சொல்லிவிட்டாவளா?" என்றாள். இரண்டு பேரும் கடற்கரை ரோட்டில் நடந்து, பழைய துறைமுகம் தெரிகிற இடத்தில் சுவர்மேல் உட்கார்ந்தோம். தோணியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. அவள் மல்லிகாவோடு பேசியதை நீ எக்ஸ்சேஞ்சில் இருந்து கேட்டுவிட்டாய், கல்யாணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், அவளுக்குத் தோஷம் என்று சொல்லச் சொல்கிறாய் என்றேன். நீ எனக்கு மட்டும் எழுதியதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். ஆமாம், அதுவும் ஒரு துரோகம்தான். உன் ரகசியத்தைக் காப்பதா, அவள் பெயரைக் காப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதில் எதுவும் தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளிடம் போனேன். வேறு பெரிய நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "எந்தப் பேச்ச அத்தை?" என்று கேட்டாள். "போன வாரம் செவ்வாக்கிழமை பேசினதையா, வெள்ளிக்கிழமை பேசினதையா?"

இரண்டு தடவை பேசியிருக்கிறாள், ஐயா. அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. "வயரிங்கப் பத்தி நீ சொன்னத" என்றேன்.

"அது செவ்வாக்கிழமை. அப்போ வெள்ளிக்கிழமை கேக்கலயா?"

"தெரியலம்மா. அது ஒண்ணுதான் எழுதியிருக்கான்."

அவள் தோணியைப் பார்த்துக்கொண்டே, "வயரிங்குன்னதும் காதுல விழுந்துச்சா? நல்லா வேணும்" என்றாள். வெள்ளிக்கிழமை அவள் என்ன பேசினாள் என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. இருபது வருஷத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரே பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சொல்ல ஆரம்பித்தவள் முழுக்கச் சொல்லிவிடுவோம் என்று, அவள் வீட்டை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் அப்பாவின் பெரிய மாமா கதையைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அத்தை, சின்னப்பிள்ளையில நான் அந்த மாமாவுக்காகச் சாமி கும்பிட்டிருக்கேன். மேலுக்குச் சரியில்ல, மேலுக்குச் சரியில்லன்னு அப்பா சொல்லுவாவளே!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "எங்க அம்மா போன்ல அழுததெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். கொஞ்சம் தெரியும் என்றேன். "எவ்வளவு கொஞ்சம்?" என்றாள்.  அவள் என்னை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அந்த ஒரு சாணை நான் மறக்க மாட்டேன்.

அங்கிருந்தே அவள் பேசினாள். "தோசம்னு மட்டும் சொல்லிராதீங்க அத்தை. வேண்டாம்னா, வேண்டாம்னு அவரே வந்து எங்கப்பாட்டச் சொல்லட்டும். கேட்டுத் தெரிஞ்சிக்கிட வேண்டியத எங்கிட்ட நேரக் கேட்டிருக்கலாம்லா? அன்னைக்கு முழுக்க வாயே திறக்கல." பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, மடியில் வைத்து, பென்சிலால் மளமளவென்று அரைப் பக்கம் எழுதினாள். கிழித்து என்னிடம் நீட்டினாள். "இத அவருக்கு அனுப்புங்க" என்றாள். கவரில் போட்டு ஒட்டித் தா அம்மா, என் கையில் இப்படிக் கொடுக்காதே என்றேன். அவ்வளவு பேசிய பிறகும் என்னை அவள் நம்புவது எனக்கே பயமாக இருந்தது.

"ஒட்ட வேண்டாம். பாருங்க" என்றாள். பார்த்தேன். கொக்கியும் வளைவும் புள்ளியுமாக இருந்தது. சுருக்கெழுத்து.

"அவனுக்கும் இது படிக்கத் தெரியாதேம்மா" என்றேன்.

"தெரியாதுன்னுதான் எழுதுனேன். அவரு ஊர்ல தெருவுக்கு ஒரு இன்ஸ்டிடியூட் இருக்கும். எந்தப் பிள்ளைட்டக் குடுத்தாலும் அஞ்சு நிமிசத்துல படிச்சுச் சொல்லிரும். அப்படிப் படிச்சிக்கிடுதாரா, இல்ல எங்கிட்ட வந்து என்ன எழுதிருக்கன்னு கேக்காரான்னு பாக்கணும்."

"ரெண்டும் இல்லன்னா?"

"அப்போ நானே எங்கப்பாட்டச் சொல்லிக்கிடுதேன், இவரு வேண்டாம்னு."

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பேசியதுதான் அதில் இருக்கிறதா, உன்னை நாலு வார்த்தை திட்டியிருக்கிறாளா, மெட்ராசுக்கு ஆர்டர் வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. எங்கள் ஆபீசில் ஒருத்தியின் மகள் சுருக்கெழுத்தில் ஹையர் பரீட்சை முடித்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அப்படியே நடந்து கோவிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இதை உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் ஊரில் உனக்கு இன்னும் சுலபம். தாளில் அவள் பெயர்கூட இல்லை.

தோஷம் என்று நான் போய்ச் சொல்ல மாட்டேன். அது ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. மற்றபடி நீ அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சந்தோஷமில்லை என்று சொன்ன பெண்ணைக் கட்டிக்கொள்வது சரியா என்று நீ கேட்டால், எனக்குத் தெரியாது. உன் அப்பாவைப் பற்றி என் சிநேகிதியிடம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று அவர் கேட்டிருந்தால் நீ பிறந்தே இருக்க மாட்டாய். அப்போது எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. கிணற்றடியில் பேசினோம்.

உன் அப்பா மஞ்சள் தடவுவதை நிறுத்திவிட்டார். பாதிப் பத்திரிகை மஞ்சளோடும் பாதி அப்படியேயும் இருக்கிறது. ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்போம் என்கிறார். வருவதானால் சனிக்கிழமை மத்தியான பாசஞ்சரில் வா. அவள் ஐந்து மணிக்கு இன்ஸ்டிடியூட் படி இறங்குவாள். நான் கூட வர மாட்டேன். கடற்கரை ரோட்டில் எந்தச் சுவர் என்று கூடச் சொல்ல மாட்டேன், நீங்களாக ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அவளிடம் கொடுத்து, படித்துக் காட்டு என்று கேள். அதில் என்ன இருந்தது, நீ என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள் என்று வீட்டுக்கு வந்ததும் நான் உன்னைத் துருவித் துருவிக் கேட்பேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்பேன், கோபித்துக்கொண்டும் கேட்பேன்.

சொல்லாதே.

அம்மா